மணி மறைந்த நாள்

பள்ளிக்கூட வாசலில் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கும். அதன் தலையில் ‘வரலாற்றில் இன்று’ என்று வெள்ளை பெயின்டில் எழுதியிருக்கும். கீழே மூன்று கட்டங்கள். நிகழ்வு, தோற்றம், மறைவு.

தோற்றம் என்றால் அந்தத் தேதியில் பிறந்தவர்கள். மறைவு என்றால் அந்தத் தேதியில் இறந்தவர்கள். இது முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியாது. “மறைவுன்னா, எங்க போய் ஒளிஞ்சாங்க?” என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். இந்த வருடம் கேட்டது பொடி. அதாவது ஐந்தாம் வகுப்பு உம்முவின் தம்பி.

தினமும் ஐந்தாம் வகுப்பில் ஒருவர் அந்தப் பலகையில் எழுத வேண்டும். அதற்கு ஒரே ஒரு விதி உண்டு. எழுதியதைப் பற்றி யார் கேட்டாலும் விளக்கிச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் எல்லார் முன்னாலும் தானே அழிக்க வேண்டும். போன மாதம் ஒரு பையன் யாரோ ஒரு தளபதியின் பெயரை எழுதிவிட்டு, அவர் எந்தப் போரில் சண்டை போட்டார் என்று தெரியாமல் விழித்தான். அழித்தும் விட்டான். ஆனாலும் இன்றுவரை அவனை எல்லாரும் ‘தளபதி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உம்முவின் முறை நாளைக்கு.

உம்முவுக்கு வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. ஆனால் எதைக் கேட்டாலும் அவள் ‘உம்’ என்றுதான் பதில் சொல்வாள்.

“சாப்பிட்டியா?”

“உம்.”

“வீட்டுப்பாடம் முடிச்சியா?”

“உம்.”

“வாயத் திறந்து பேசினா முத்து உதிர்ந்துடுமா?” என்று அம்மா கேட்பாள்.

“உம்.”

பேசப் பிடிக்காது என்று இல்லை. ஒன்றைச் சொல்வதற்கு முன் அதை மனசுக்குள் ஒருமுறை திருப்பிப் பார்ப்பாள். அவள் திருப்பிப் பார்த்து முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பையனின் பட்டப்பெயர் ரேடியோ. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மதியம் இருவரும் நூலகத்துக்குப் போனார்கள். அலமாரியில் தேதிகளுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் உண்டு. எல்லாரும் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். உம்மு நாளைய தேதியைத் தேடி எடுத்தாள். நிகழ்வு: ஒரு நாட்டில் முதல் ரயில் ஓடியது. தோற்றம்: ஒரு விஞ்ஞானி. மறைவு...

அந்த இடத்தில் ஓட்டை. கரையான் பக்கத்தின் அடிப்பாகத்தை அழகாக அரித்திருந்தது.

“அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடு,” என்றான் ரேடியோ. “அன்னிக்கு யாருமே சாகலன்னு நெனச்சுக்குவாங்க. நல்ல விஷயம்தானே?”

உம்மு அந்த ஓட்டையையே பார்த்தாள். வருடத்தில் ஒரே ஒரு நாள் அவளுடைய நாள். அதில் ஒரு கட்டம் காலியாக இருப்பது, சட்டையில் ஒரு பொத்தான் இல்லாத மாதிரி இருக்கும்.

அதே அலமாரியின் கீழ்த்தட்டில் துணி அட்டை போட்ட ஒரு நோட்டு கிடந்தது. ‘பள்ளி நாட்குறிப்பு’ என்று போட்டிருந்தது. உம்மு தூசியை ஊதிவிட்டுத் திறந்தாள். பல வருடங்களுக்கு முன்பு இருந்த ஒரு தலைமையாசிரியர் தினமும் எழுதியது. அவர் சொற்களை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர் போலிருக்கிறது.

‘மழை. பாதிப் பேர் வரவில்லை.’

‘ஆய்வாளர் வந்தார். போனார்.’

உம்முவுக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. நாளைய தேதியை இந்த நோட்டிலும் தேடினாள். முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால், அதே தேதியில், மூன்று சின்ன வாக்கியங்கள் இருந்தன.

‘மணி மறைவு. பேரிழப்பு. நாள் முழுதும் மௌனம்.’

அவள் அதை மூன்று தடவை படித்தாள். யாராவது இறந்தால் ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். ஒருவருக்காக ஒரு நாள் முழுவதும் மௌனமாக இருந்திருக்கிறார்கள் என்றால், அந்த மணி எப்படிப்பட்டவராக இருந்திருப்பார்?

மறுநாள் காலையில் மூன்றாவது கட்டத்தில், தன்னிடம் இருந்ததிலேயே நல்ல கையெழுத்தில், அவள் எழுதினாள்: ‘மணி, நம் பள்ளி.’

காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை பலகையில் இருந்ததை வழக்கம்போல உரக்கப் படித்தார். அவர் இந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

“மறைவு, மணி. நம்ம பள்ளிக்கூடத்து மணின்னு போட்டிருக்கு. நாம எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா நிக்கலாம்.”

எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். ரேடியோகூட வாயை மூடிக்கொண்டான். உம்முவுக்கு மௌனம் பழகிய இடம். அதனால் அவள் மட்டும் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள்.

கடைசி வரிசையில் ஓவிய ஆசிரியர் நின்றிருந்தார். வழக்கம்போல அன்றும் தாமதமாகத்தான் வந்திருந்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

ஓவியம் சார் அழுகிறார்!

கூட்டம் கலைந்ததும் தலைமையாசிரியை உம்முவைக் கூப்பிட்டார். “யாரும்மா இந்த மணி? இங்க படிச்ச பையனா? ஆசிரியரா?”

“தெரியல, மிஸ்.”

“தெரியாமலா எழுதின?”

“உம்.”

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். “மூணு மணிக்கு எல்லாரும் மேடை முன்னால கூடுவோம். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களோட பாட்டு இருக்கு. அதுக்குள்ள மணி யாருன்னு கண்டுபிடிச்சு சொல்லு. முடியலன்னா, விதி தெரியும்ல? அழிச்சிடணும்.”

உம்மு பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அழிப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் ஒரு மனிதரை ஒருமுறை மறந்துவிட்டார்கள். அவரை இரண்டாவது முறையும் துடைத்துவிடுவதா? அதுவும் தன் கையாலேயே?

இதற்கு நடுவில் ரேடியோ ஒரு காரியம் செய்துவிட்டான்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய மர மேடை இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் நின்று குதித்தால் காலுக்கு அடியிலிருந்து ‘ணங்’ என்று ஒரு சத்தம் வரும். மேடைக்குக் கீழே கொலுசு போட்ட பேய் இருப்பதாகப் பேச்சு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்தாலும் அந்த ஓரத்தில் அதிக நேரம் நிற்க மாட்டார்கள்.

“அந்தப் பேய் யாருன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு!” என்று இடைவேளையில் ரேடியோ அறிவித்தான். “மணியோட ஆவிதான்!”

சாப்பாட்டு நேரத்துக்குள் செய்தி முதல் வகுப்புவரை போய்ச் சேர்ந்துவிட்டது. பொடி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓடி வந்தான்.

“அக்கா, நான் பாட மாட்டேன். என் இடம் இடது ஓரத்துலதான். மணி என் காலைப் புடிச்சு இழுத்துடுவாரு.”

“இழுக்க மாட்டார்,” என்றாள் உம்மு.

“அவரு நல்லவரா, கெட்டவரா? உனக்குத் தெரியுமா?”

உம்முவால் ‘உம்’ என்று சொல்ல முடியவில்லை. திரும்பி ரேடியோவைப் பார்த்தாள். வெறுமனே பார்த்தாள். ரேடியோவுக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். இந்தப் பார்வைதான் அவனுக்கு ஆகாது.

“நான் சும்மா ஒரு யோசனையாத்தான்டி சொன்னேன்,” என்று முனகினான். “சரி, சரி, வா. நானும் கூட வந்து தேடறேன்.”

இருவரும் மறுபடி நூலகத்துக்குப் போனார்கள். நாட்குறிப்பில் மணி என்ற பெயர் வரும் இடங்களை எல்லாம் முதல் பக்கத்திலிருந்து தேடினார்கள். முதலில் கிடைத்த வரியை ரேடியோ சத்தமாகப் படித்தான்.

“‘மணியை மரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி.’ என்னது! தொங்கவிட்டாங்களா? அதுல மகிழ்ச்சி வேறயா?”

அடுத்தது அதைவிட மோசமாக இருந்தது.

“‘மணியை ஒன்பது முறை அடித்தோம். தெருக்கோடி வரை கேட்டதாம்.’ அடப்பாவிங்களா! அலறின அலறல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கு!”

உம்முவின் கண்கள் கலங்கின. இப்படி அடித்துவிட்டு, அப்புறம் பேரிழப்பு என்று எழுதினால் ஆயிற்றா? இவ்வளவு நேரம் தனக்குப் பிடித்திருந்த அந்தப் பழைய தலைமையாசிரியர்மீது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

ரேடியோ அடுத்ததைப் படித்தான். “‘மணி மழையில் நனைந்தது. துணியால் துடைத்தோம்.’”

உம்மு சட்டென்று அவன் கையைப் பிடித்தாள். “நனைந்ததுன்னா எழுதியிருக்கு? நனைந்தான்னு இல்லையா?”

“நனைந்தது. இதோ பாரு.”

“நனைந்தார்னும் இல்ல.”

ரேடியோ முகம் மலர்ந்தான். “அப்ப அது மனுஷனே இல்ல. நாய்! நாய்க்குத்தான் மணின்னு பேர் வைப்பாங்க. எங்க தெருவுலயே மூணு மணி இருக்கு. ஒண்ணைக் கூப்பிட்டா மூணும் ஓடி வரும்.”

“நாயை மரத்துல தொங்கவிடுவாங்களா?”

“அதானே,” என்று ரேடியோவின் முகம் மறுபடி வாடியது.

உம்மு அவசரப்படாமல் பக்கங்களைப் புரட்டினாள். இன்னொரு வரி கிடைத்தது. அதை இருவரும் சேர்ந்து படித்தார்கள்.

‘மணிக்குப் புதிய நாக்கு. கொல்லருக்கு நன்றி.’

“கொல்லரா? இரும்பு அடிக்கிறவரா?” என்றான் ரேடியோ. “நாக்கு போனா டாக்டர்கிட்டதானே போவாங்க? இரும்புல நாக்கு வச்சா எப்படிப் பேச...”

அப்போது சுவரின் உச்சியில் இருந்த மின்சாரக் கருவி ‘கர்ர்ர்ர்’ என்று கத்தியது. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

“பெல் அடிச்சாச்சு. வா, வா, போகலாம்,” என்று ரேடியோ எழுந்தான்.

உம்மு எழவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றை மனசுக்குள் திருப்பிப் பார்க்கிறாள் என்று ரேடியோவுக்குத் தெரியும். ஆகவே காத்திருந்தான்.

“பெல்லுக்குத் தமிழ்ல என்ன?” என்று கேட்டாள் உம்மு.

“இது தெரியாதா? மணி,” என்றான் ரேடியோ.

அதன் பிறகு அவன் பேசவில்லை. அவன் வாய் திறந்தபடியே இருந்தது. ஆனால் அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவர்கள் பழகிய இத்தனை வருடத்தில் இப்படி ஆவது இதுதான் முதல் தடவை.

மரத்தில் கட்டித் தொங்கவிட்டது, ஒன்பது முறை அடித்தது, உள்ளே தொங்கி ஆடும் இரும்பு நாக்கு, எல்லாம் சரியாகப் பொருந்தின. நாள் முழுதும் மௌனம்கூடப் பொருந்தியது. அடிக்க மணியே இல்லையென்றால் பள்ளிக்கூடம் அமைதியாகத்தானே இருக்கும்?

“அப்ப நாம காலைல ஒரு பெல்லுக்காகவா தலையைக் குனிஞ்சு நின்னோம்?” என்றான் ரேடியோ, குரல் திரும்பியதும். “சரி, மறைவுன்னா? மணி எப்படிச் சாகும்?”

உம்முவுக்குத் தம்பி கேட்டது நினைவுக்கு வந்தது. மறைவுன்னா, எங்க போய் ஒளிஞ்சாங்க?

அவள் மணி மறைந்த நாளுக்கு அடுத்த நாளைப் படித்தாள். ‘தச்சர் வந்தார். மேடையின் உடைந்த பலகை மாற்றப்பட்டது. மணி கிடைக்கவில்லை.’

பலகை. மேடை. ணங்.

“எனக்கு ஓவியம் சாரைப் பார்க்கணும்,” என்றாள் உம்மு.

ஓவிய அறையில் அவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். உம்மு மட்டும் உள்ளே போனாள். ரேடியோவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டாள். சில செய்திகள் ஒலிபரப்பாகக் கூடாது.

“சார், காலைல அழுதீங்களா?”

“நானா? இல்லையேம்மா.”

“மணியை உங்களுக்குத் தெரியுமா, சார்?”

ஓவிய ஆசிரியர் பதில் சொல்லவில்லை. உம்முவும் ஒன்றும் சொல்லவில்லை. குழாயிலிருந்து நீல நிறத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உம்முவால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இப்படி நிற்க முடியும். பெரியவர்கள் பலருக்கு அது முடியாது.

“சரி, சொல்லிடறேன்,” என்றார் அவர் கடைசியில். “நானும் இங்கதான் படிச்சேன். அஞ்சாம் வகுப்பு. தினமும் லேட்டு. மணி அடிச்ச பிறகு வந்தா வாசல்லயே நிக்கணும். நான் நின்ன நாளைக் கணக்கெடுத்தா, மணி தொங்கின அந்த மரத்துக்கே என் மூஞ்சி மனப்பாடம் ஆகியிருக்கும். ஒரு நாள் யோசிச்சேன். மணி அடிச்சாத்தானே லேட்டு? மணியே இல்லன்னா?”

“எடுத்துட்டீங்களா?”

“சாயங்காலம் எல்லாரும் போனதும் கழட்டினேன். மேடையில ஒரு பலகை உடைஞ்சு கிடந்துச்சு. உள்ள ஒரு ஆணியில மாட்டிட்டேன். ஒரே ஒரு நாளைக்குத்தாம்மா. அதுக்கு அடுத்த நாள் காலைல எடுத்து, இருந்த இடத்துல வச்சிடலாம்னு நெனச்சேன். ஆனா நான் வர்றதுக்குள்ள தச்சர் புதுப் பலகையை அடிச்சு முடிச்சுட்டார்.”

“நீங்க ஏன் சார் அதுக்கு முன்னாடியே வரல?”

ஓவிய ஆசிரியர் தலையைச் சொறிந்தார். “அன்னிக்கும் லேட்டு.”

உம்மு சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“அப்புறம் பயம். அப்புறம் வெட்கம். முப்பத்தோரு வருஷம் கழிச்சு யார்கிட்டப் போய்ச் சொல்றது? இன்னிக்கு வாசல் பலகையில பேரைப் பார்த்ததும் சிரிப்பு தாங்க முடியல. பாதியில அது அழுகையா மாறிடுச்சு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “எல்லார் முன்னாலயும் சொல்லப்போறியா?”

உம்மு யோசித்தாள். பிறகு கேட்டாள். “உங்களுக்கு ஆணி பிடுங்கத் தெரியுமா, சார்?”

மூன்று மணிக்கு எல்லாரும் மேடை முன்னால் கூடினார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகள் மேடைப் படிக்குக் கீழே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. பொடி கடைசியில் நின்றான்.

“யாருன்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

உம்மு மேடை ஏறினாள். இவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை. அதனால் முதலில் பேசாமல், இடது ஓரத்துக்குப் போய் நின்று ஒரு குதி குதித்தாள்.

ணங்.

முதல் வகுப்பு முழுவதும் ‘ஆ’ என்றது.

“இதுதான் மணி,” என்றாள் உம்மு. “ஆள் இல்ல. பெல். இந்தப் பள்ளிக்கூடத்தோட பழைய பெல். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி காணாமப்போச்சு. மறைவுன்னா செத்துப்போறது மட்டும் இல்ல. ஒளிஞ்சிருக்கறதும்தான்.”

ஓவிய ஆசிரியர் சுத்தியலோடு மேடை ஏறினார். ஆணிகள் கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தன. பலகையைத் தூக்கிவிட்டு அவர் கையை உள்ளே விட்டார். சரியான இடத்துக்கே விட்டார். தூசியும் சிலந்தி வலையுமாக, ஒரு சின்னப் பானை அளவில், ஒரு பித்தளை மணி வெளியே வந்தது.

பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“மூணு மணின்னு சொன்னீங்க, மிஸ்,” என்றான் ரேடியோ. “ஆனா ஒரு மணிதான் கெடச்சிருக்கு.”

தலைமையாசிரியை சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார். மீண்டும் இந்தப் பக்கம் திரும்பியபோது அவர் முகம் கண்டிப்பாகியிருந்தது. “சரி. இதை ஒளிச்சு வச்சது யாரு?”

ஓவிய ஆசிரியரின் காது சிவந்தது. உம்மு அவசரமாக முன்னால் வந்தாள்.

“நிகழ்வு, தோற்றம், மறைவு. பலகையில மூணு கட்டம்தான் இருக்கு, மிஸ். யார் செஞ்சாங்கன்னு எழுதக் கட்டமே இல்ல.”

அவள் அந்த வருடம் முழுக்கப் பேசியதைவிட அன்று பேசியதுதான் அதிகம். ஓவிய ஆசிரியர் அவளைப் பார்த்தார். பிறகு, வகுப்பில் பதில் தெரிந்த பையனைப் போல, மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“நான்தான், மேடம். அப்ப எனக்குப் பத்து வயசு. லேட்டா வந்தா மாட்டிக்கக் கூடாதுன்னு ஒளிச்சேன்.”

பிள்ளைகள் எல்லாரும் ‘ஓ’ என்று கத்தினார்கள்.

“இன்னிக்கு எத்தனை நிமிஷம் லேட்டு, சார்?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

“பதினோரு நிமிஷம்.”

“முப்பத்தோரு வருஷமா அப்படியேதான் இருக்கீங்க. நாளையிலிருந்து இந்த மணியை நீங்கதான் அடிக்கணும். எல்லாருக்கும் முன்னாடி வந்து.”

ஓவிய ஆசிரியர் பரிதாபமாக மணியைப் பார்த்தார். இப்போதே அதை வேறு எங்காவது ஒளிக்க முடியுமா என்று யோசிப்பவர் போலத் தெரிந்தது.

பொடி ஒவ்வொரு படியாக ஏறி வந்தான். பலகை இருந்த இடத்தில் எட்டிப் பார்த்தான். உள்ளே ஒரு ஆணியும் நிறைய தூசியும்தான் இருந்தன.

“பேய் இவ்வளவுதானா?” என்றான் ஏமாற்றமாக.

“அடிச்சுப் பாரு,” என்று உம்மு மணியைத் தூக்கிப் பிடித்தாள்.

பொடி மணியின் நாக்கைப் பிடித்து ஆட்டினான். ணங்ங்ங்ங்... மின்சார பெல்லைப் போல அது கத்தவில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டிருப்பதுபோல, காற்றில் கொஞ்ச நேரம் நின்றது. அது முழுவதும் அடங்கும்வரை உம்மு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஓவிய ஆசிரியர் பலகையைப் பழையபடி அடித்து முடித்தார். முதல் வகுப்பு மேடை ஏறிப் பாடியது. இடது ஓரத்தில் நின்ற பொடி எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினான்.

வீட்டுக்குக் கிளம்பும்போது உம்மு வாசல் பலகை முன்னால் நின்றாள். மூன்றாவது கட்டத்தில் இருந்த பெயரை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் ‘31 ஆண்டுகளுக்கு முன்’ என்று சேர்த்தாள். பிறகு இரண்டாவது கட்டத்தில், விஞ்ஞானியின் பெயருக்குக் கீழே எழுதினாள்: ‘மணி. இன்று, 3 மணி 10 நிமிடம்.’

“மொதல்ல மறைஞ்சு, அதுக்கப்புறம் தோன்றினது உலகத்துலயே இது ஒண்ணாத்தான்டி இருக்கும்,” என்றான் ரேடியோ.

பொடி அவள் கையை இழுத்தான். “அக்கா, மறைவுன்னா ஒளிஞ்சுக்கறதுதானே? நான் அப்பவே சொன்னேன்ல?”

உம்மு சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டே அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய பதில் இந்த முறை அந்த மணியோசையைப் போலக் கொஞ்சம் நீளமாக வந்தது.

“உம்ம்ம்ம்.”